தூண்டில் எட்டிய ஆழம்

1952-இல் மத்திய பசிபிக்கில், நிலநடுக்கோட்டை ஒட்டி, அமெரிக்க மீன்வள ஆய்வாளர்கள் ஆயிரங்கால் தூண்டிலை இறக்கிவிட்டு அது எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றின் போக்கில் மேல்நீர் மேற்கே ஓடும் கடல் அது. தூண்டிலும் மேற்கேதான் போயிருக்க வேண்டும். ஆனால் ஆழத்தில் தொங்கிய கயிறுகள் கிழக்கே நகர்ந்தன. குழுவிலிருந்த டவுன்சென்ட் குரோம்வெல் இதை ஏதோ கோளாறு என்று தள்ளிவிடவில்லை. அளந்து பார்த்தபோது, சுமார் 100 மீட்டர் ஆழத்தில், மேல்நீருக்கு நேரெதிராக, மணிக்கு 5 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் ஒரு பெரும் நீரோட்டம் பாய்வது தெரியவந்தது. அதற்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. கடலியலின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று அது. அவர்கள் தேடிப் போனதோ சூரை மீனை.

வெப்பமண்டலக் கடல்களில் சூரைத் தளங்களைத் தேடிய ஆய்வுகளை வரிசையாகப் படித்தால் இப்படிப்பட்ட திருப்பங்கள் அடிக்கடி எதிர்ப்படும். மீன் இருக்கும் இடத்தைக் கேட்டுப் போனவர்கள் நீரைப் பற்றிய விடையோடு திரும்பினார்கள். திறந்த கடலில் சூரைக்கு நிலையான தளம் என்று அநேகமாக எதுவும் இல்லை என்பதுதான் இதற்குக் காரணம். எந்த ஆய்வு தரும் எண்ணும் ஒரு கருவிக்கும், ஓர் ஆழத்துக்கும், ஒரு பருவத்துக்கும் உரியது. அந்த மூன்றையும் உதறிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வரைபடமும் திட்டமும் தீட்டியபோதெல்லாம் சறுக்கல் நேர்ந்திருக்கிறது என்பது என் வாசிப்பு.

குரோம்வெல் பணியாற்றிய ஹொனலுலு ஆய்வகம், 1947-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் பிறந்தது. தலைவர் ஆஸ்கர் எல்டன் செட்டே. நடுக்கடலில் வாணிபத்துக்குத் தக்க அளவில் சூரை உண்டா என்பது அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி. உண்டு என்று சொல்வதற்கு முன் ஏன் உண்டு என்று கேட்டதில்தான் அந்த ஆய்வகத்தின் பெருமை இருக்கிறது. வணிகக் காற்று நிலநடுக்கோட்டில் மேல்நீரை இரு பக்கமும் விலக்கிவிடுகிறது. விலகிய இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலேறுகிறது. அதில் பாசி நுண்ணுயிர்கள் பெருகும், அவற்றைத் தின்னும் நுண்விலங்குகள் பெருகும், பிறகு சிறுமீன், கணவாய், கடைசியில் சூரை. ஒவ்வொரு படிக்கும் நாள்கள் ஆகின்றன. அதற்குள் நீர் நகர்ந்துவிடுகிறது. ஆகவே மஞ்சள் துடுப்புச் சூரை அதிகம் விழுந்தது, நீர் மேலேறிய கோட்டின் மேலேயே அல்ல. சற்று வடக்கே தள்ளி, நீர்கள் மறுபடி கூடும் பகுதியில். உற்பத்தியாகும் இடமும் விளைச்சல் கிடைக்கும் இடமும் வேறு வேறு என்ற இந்தப் பாடத்தைப் பின்னால் வந்த செயற்கைக்கோள் காலம் மறுபடி கற்க வேண்டியிருந்தது.

குரோம்வெல்லின் சக ஆய்வாளர் பெல் ஷிமாடா, சியாட்டிலில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர். போருக்குப் பின் மேற்கு பசிபிக்கில் ஜப்பானியத் தாய்க்கப்பல்கள் நடத்திய சூரைவேட்டையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர். 1958 ஜூனில், ஆய்வுக் கப்பலில் ஏறப் போகும் வழியில், மெக்சிகோவில் நேர்ந்த விமான விபத்தில் இருவரும் இறந்தார்கள். இருவர் பெயரிலும் பிற்காலத்தில் அமெரிக்க ஆய்வுக் கப்பல்கள் மிதந்தன.

ஆனால் வெப்பக்கடல்களில் நடந்த ஆகப் பெரிய சூரை ஆய்வை எந்த ஆய்வகமும் நடத்தவில்லை. ஜப்பானிய மீன்பிடிக் கப்பல்கள்தான் நடத்தின. போர் முடிந்தபின் ஜப்பானியர் எதுவரை மீன்பிடிக்கலாம் என்று ஆக்கிரமிப்பு நிர்வாகம் வரைந்திருந்த எல்லை 1952-இல் நீங்கியது. அதே ஆண்டு அவர்கள் இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தார்கள். 1954-இல் தைவான், 1960-களின் நடுவில் தென்கொரியா. இரண்டே பத்தாண்டுகளில் மூன்று பெருங்கடல்களின் வெப்பப் பகுதி முழுவதும் தூண்டில் விழுந்துவிட்டது. எங்கே எத்தனை தூண்டில், எத்தனை மீன் என்ற பதிவேட்டைக் கப்பல்கள் ஒப்படைத்தன. கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தொகுத்தார்கள். அதிலிருந்து பிறந்த அளவுகோல்தான் தூண்டில் விகிதம்: 100 தூண்டிலுக்கு எத்தனை மீன். எளிய எண், ஒப்பிடத் தோதான எண். ஆகவேதான் ஆபத்தான எண்ணும்.

ஆயிரங்கால் தூண்டில் என்பது பல பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு மிதவைகளில் தொங்கும் ஒரு தாய்க்கயிறு. இரண்டு மிதவைக்கு நடுவே கயிறு தொய்ந்து இறங்கும். மிதவைக்கு அருகில் உள்ள தூண்டில் மேலே நிற்கும், நடுத்தூண்டில் ஆழத்துக்குப் போகும். இரண்டு மிதவைக்கு நடுவே ஐந்தாறு தூண்டில் கட்டினால் ஓர் ஆழம், பதினைந்து கட்டினால் வேறோர் ஆழம். 1970-களின் நடுவில் ஜப்பானியக் கப்பல்கள் இந்த இரண்டாவது வகைக்கு மாறத் தொடங்கின. சஷிமிச் சந்தையில் பெருங்கண் சூரைக்கு நல்ல விலை. அந்த மீன் பகலில் 300 மீட்டருக்குக் கீழே கிடக்கும். தூண்டிலை ஆழமாக்கியதும் பெருங்கண் கூடியது, மஞ்சள் துடுப்பு குறைந்தது. பதிவேட்டை மட்டும் பார்ப்பவருக்கு ஒரு மீன் பெருகி இன்னொன்று அழிந்ததாகத் தோன்றும். கடலில் மாறியது கயிற்றின் தொய்வு.

இந்த எண்ணைப் படிக்கும் விதம் 2003-இல் உலகச் செய்தியானது. ரான்சம் மையர்ஸ், போரிஸ் வோர்ம் இருவரும் ஜப்பானியப் பதிவேடுகளை முக்கிய ஆதாரமாகக் கொண்டு, உலகக் கடல்களின் பெரிய இரைகொல்லி மீன்களில் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். தொடக்கத்தில் 100 தூண்டிலுக்குப் பத்து வரை விழுந்த இடங்களில் பிறகு ஒன்று விழுவதே அரிதாயிற்று என்பது அவர்கள் வாதத்தின் சாரம். பசிபிக் சூரையை ஆண்டுக்கணக்கில் மதிப்பிட்டுவந்த ஆய்வாளர்கள் மறுத்தார்கள். விகிதம் சரிந்த அந்த முதல் ஆண்டுகளில் பிடிபட்ட மீனின் மொத்த அளவு சொற்பம். விகிதம் சரிந்தபின்தான் பல மடங்கு அதிகமாகப் பிடித்தார்கள். கொஞ்சம் பிடித்ததில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்திருந்தால் பிறகு அவ்வளவு மீன் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் வரவில்லை என்றே நினைக்கிறேன். அதற்காகச் சூரைக்கு ஒரு குறையும் இல்லை என்று ஆகிவிடாது. சரிவு உண்மை, அதன் அளவில்தான் சண்டை. தூண்டிலைத் தேடி வரும் மீன் முதலில் மாட்டிக்கொள்கிறது, கப்பல்கள் முதலில் நல்ல இடங்களுக்கே போகின்றன. கன்னிக் கடலின் முதல் எண் எப்போதும் மிகையாகவே இருக்கும்.

மீன் எந்த ஆழத்தில் நிற்கும் என்பதை அதன் உடம்பும் நீரின் அமைப்பும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. சூரை நிற்காமல் நீந்தியாக வேண்டிய மீன். நீந்தினால்தான் செவுளில் நீர் பாய்ந்து மூச்சு ஓடும். தசையில் பிறக்கும் வெப்பத்தை இரத்தக் குழாய்களின் பின்னல் வழியே உடம்புக்குள்ளேயே தக்கவைத்துக்கொள்ளும். அந்த வேகத்துக்கு நிறைய ஆக்ஸிஜன் வேண்டும். வரிச்சூரைக்கு இந்தத் தேவை மிக அதிகம், எனவே மேல்நீரை விட்டு அதிகம் இறங்காது. பெருங்கண்ணின் இரத்தம் குறைந்த ஆக்ஸிஜனையும் பற்றிக்கொள்ளும், அதனால் இருண்ட குளிர்நீரிலும் இரை தேடும். மஞ்சள் துடுப்பு இரண்டுக்கும் நடுவில்.

வெப்பக்கடலில் மேலே நன்றாகக் கலங்கிய வெதுவெதுப்பான நீர் ஓர் அடுக்கு. அதன் கீழே வெப்பம் சடசடவென்று இறங்கும் அடுக்கு, இதை வெப்பச்சரிவு என்போம். சரிவு கடல்மட்டத்துக்கு அருகில் இருந்தால் சூரைக்கூட்டம் மேலேயே அடைபட்டுக் கிடக்கும், சுருக்குமடிக்குச் சிக்கும். ஆழத்தில் இருந்தால் கூட்டம் வலையின் அடியில் நழுவிவிடும். கிழக்குப் பசிபிக்கில் சரிவு மேலே, மேற்குப் பசிபிக்கில் கீழே. அரபிக்கடலில் இன்னொரு சங்கதி உண்டு: 100, 150 மீட்டருக்குக் கீழே ஏறத்தாழ 1,000 மீட்டர் வரை ஆக்ஸிஜன் மிகக் குறைந்த நீர் பரந்து கிடக்கிறது. அங்கே மஞ்சள் துடுப்புக்குக் கிடைப்பது மெல்லிய மேல்தட்டு மட்டும். ஆகவே அரபிக்கடலில் ஆழம் குறைந்த தூண்டிலில் நல்ல விகிதம் கிடைத்தால் மீன் ஏராளம் என்றும் பொருள் கொள்ளலாம், மீன் நெருக்கியடித்து நிற்கிறது என்றும் பொருள் கொள்ளலாம். வங்கக்கடலில் ஆற்றுநீர் மேலே ஒரு நன்னீர் மூடியாகப் படிந்து, அடிச்சத்து மேலேற விடாமல் தடுக்கிறது. இரண்டு கடலின் எண்களையும் ஒரே அட்டவணையில் போட்டு எது வளமான கடல் என்று கேட்பது பொருந்தாத கேள்வி.

மேற்கு இந்தியப் பெருங்கடலின் சுருக்குமடித் தொழில் இந்த வெப்பச்சரிவின் பிள்ளை என்றே சொல்லலாம். 1980-களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கப்பல்கள் செஷல்ஸ் பக்கம் சோதனை ஓட்டம் விட்டிருந்தன. 1984-இல் கிழக்கு அட்லாண்டிக் வழக்கத்துக்கு மாறாகச் சூடாகி, வெப்பச்சரிவு ஆழத்துக்குப் போனது. மஞ்சள் துடுப்பு வலைக்கு எட்டவில்லை. பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்கள் கூட்டமாக இந்தியப் பெருங்கடலுக்கு வந்தன. செஷல்ஸின் விக்டோரியா துறைமுகம் உலகின் பெரிய சூரைத் துறைகளில் ஒன்றாயிற்று. அட்லாண்டிக்கில் மீன் தீர்ந்துபோனதால் வந்தார்கள் என்று அப்போது எளிதாகச் சொல்லியிருக்கலாம். நிலைமை சீரானதும் அங்கே மீன் மறுபடி வலையில் விழுந்தது.

அதே பாடத்தை 1997-98-இல் இந்தியப் பெருங்கடலே நடத்திக் காட்டியது. மேற்குப் பக்கம் சரிவு ஆழமாகிவிட, கப்பல்கள் தங்கள் வாடிக்கை இடங்களை விட்டு நெடுந்தூரம் கிழக்கே போயின. பிறகு 2003 முதல் 2005 வரை நேரெதிர். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய கடலில் ஒரு வகைச் சிறு ஓட்டுடலிகள் திரள் திரளாகப் பெருகின, மஞ்சள் துடுப்பு அவற்றைத் தின்ன மேலே குவிந்தது. 2004-இல் இந்தியப் பெருங்கடல் முழுவதும் பிடிபட்ட மஞ்சள் துடுப்பு 5 லட்சம் டன்னைத் தாண்டியது. மீன்வளம் திடீரென்று பெருகியதா, இருந்த வளம் ஒரே இடத்தில் கூடியதா? பின்னதற்கே சான்று அதிகம். அதன் விலையைப் பிந்தைய ஆண்டுகள் கொடுத்தன.

2008-க்குப் பிறகு சோமாலியக் கடற்கொள்ளையர் பயத்தில் ஆயிரங்கால் தூண்டில் கப்பல்கள் மேற்குப் பகுதியைக் கைவிட்டன. சுருக்குமடிக் கப்பல்கள் ஆயுதக் காவலோடு ஓடின. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை உலகின் செழிப்பான சூரைக்கடல்களில் ஒன்று அது. தூண்டில் பதிவேட்டிலோ அந்தச் சில ஆண்டுகளுக்கு அங்கே பெரிய வெற்றிடம். பின்னாளில் இந்தத் தரவை எடுத்துக் கணக்குப் போடுகிறவர் துப்பாக்கியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கருவிக்கு ஏற்ப மாறும் இந்தத் தடுமாற்றத்திலிருந்து தப்ப ஒரு வழி, மீனிலேயே அடையாளம் குத்தி விடுவது. தென்பசிபிக் ஆணையம் 1977 முதல் 1981 வரை ஜப்பானியக் கழித்தூண்டில் படகுகளை வாடகைக்கு எடுத்துத் தீவு தீவாகப் போய்ச் சுமார் 1.4 லட்சம் வரிச்சூரைகளுக்கு அடையாளம் குத்தியது. கழித்தூண்டிலுக்கு உயிர்இரை வேண்டும். ஆகவே ஒவ்வொரு காயலிலும் இரவில் விளக்கு வைத்துச் சிறுமீன் பிடிப்பதே ஆய்வின் முதல் வேலையாக இருந்தது. இரை கிடைக்காத தீவில் சூரை இருந்தும் ஆய்வு இல்லை! திரும்பி வந்த அடையாளங்கள், வரிச்சூரை நினைத்ததைவிட மிகப் பெரிய கூட்டம் என்றும், வேகமாகப் பிறந்து வேகமாக மடியும் மீன் என்றும் காட்டின. இந்தத் தகவல் சின்னஞ்சிறு தீவு நாடுகள் அயல்நாட்டுக் கப்பல்களோடு பேரம் பேசும்போது கைகொடுத்தது. ஓர் ஆய்வு அந்தக் கடலுக்கு உரியவர்களின் கையைப் பலப்படுத்திய அரிய தருணம் அது. இந்தியப் பெருங்கடலில் இதற்கு ஈடான முயற்சி 2005 முதல் 2007 வரை நடந்தது. பெரும்பாலும் தான்சானியாவுக்கு அப்பால், சுமார் 1.68 லட்சம் மீன்கள். ஏறத்தாழ ஆறில் ஒன்று திரும்பி வந்தது, அதுவும் பெரும்பாலும் சுருக்குமடிக் கப்பல்கள் வழியே. ஆயிரங்கால் தூண்டில் கப்பல்களிடமிருந்து வந்தவை சொற்பம். வங்கக்கடலுக்கும் மேற்குக்கும் எவ்வளவு போக்குவரத்து என்ற கேள்வி, நமக்கு மிகத் தேவையான கேள்வி, கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது.

இனி இந்தியா. 1946-இல் மும்பையில் ஆழ்கடல் மீன்பிடி நிலையமாகத் தொடங்கியது 1983-இல் இந்திய மீன்வள அளவாய்வு நிறுவனம் என்று பெயர் பெற்றது. மத்ஸ்ய சுகந்தி போன்ற கப்பல்களைக் கொண்டு அது அரபிக்கடல், வங்கக்கடல், அந்தமான் கடல் மூன்றிலும் நடத்திய தூண்டில் ஆய்வுதான் நமக்கென்று உள்ள பொதுச்சொத்து. பின்னர் ஒற்றை நைலான் இழைத் தாய்க்கயிற்றோடு மத்ஸ்ய விருஷ்டியும் மத்ஸ்ய திருஷ்டியும் சேர்ந்தன. மஞ்சள் துடுப்பு எந்தப் பருவத்தில் எந்த அட்சரேகையில் கூடுகிறது, சுறாவும் கொப்பரை மீனும் எவ்வளவு கலந்து வருகின்றன என்பதெல்லாம் அதன் அறிக்கைகளில் உண்டு. பொறுமையான வேலை, குறை சொல்ல மனம் வராது.

குறை, அந்த எண் கரைக்கு வந்தபின் அடைந்த கதியில். சதுரக் கிலோமீட்டரால் பெருக்கி டன்னாக்கி, இவ்வளவு வளம் வீணாகக் கிடக்கிறது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். 1981-இன் வாடகைக் கப்பல் கொள்கை, 1991-இன் கூட்டு முயற்சிக் கொள்கை இரண்டும் இந்த வாதத்தின் மேல்தான் நின்றன. மீனவர் போராட்டங்களுக்குப் பின் அமைந்த முராரி குழு, அயல்நாட்டுக் கூட்டு முயற்சி உரிமங்களை ரத்து செய்யச் சொல்லி 1996-இல் அறிக்கை கொடுத்தது. 2017-இல் பாக் நீரிணை இழுவைப் படகுகளுக்கு மாற்றாக, தலா 80 லட்சம் ரூபாய் மதிப்பில் 2,000 சூரைப் படகுகள் என்ற திட்டம் ராமேஸ்வரத்தில் தொடங்கப்பட்டது. இலக்கின் பக்கத்தில்கூட அது வரவில்லை. கடன் சுமை, பயிற்சி, துறைமுகம் என்று காரணம் பல சொல்கிறார்கள். எனக்குப் படும் காரணம் ஒன்று கணக்கில் இருக்கிறது. 100 தூண்டிலுக்கு ஒரு மீன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீன் 30 கிலோ. நாளொன்றுக்கு 3,000 தூண்டில் விடும் பெரிய கப்பலுக்கு அது 900 கிலோ. 500 தூண்டில் விடும் சிறிய படகுக்கு 150 கிலோ. டீசலும் ஐஸும் ஆள்கூலியும் அதே விகிதத்தில் குறைவதில்லை. ஆய்வுக் கப்பலுக்கு ஒரு மீனும் விழாத நாளும் நல்ல தரவு, படகுக்காரருக்கு அது கடன். காலையில் போய் மறுநாள் கரை சேரும் ஆழமற்ற கடலில் தொழில் செய்தவரிடம், வாரக்கணக்கில் நகரும் மீனைத் துரத்தச் சொல்லும்போது மீன் இருக்கிறது என்ற பதில் மட்டும் போதாது.

போகத் தெரிந்தவர்கள் யாரும் சொல்லாமலே போனார்கள். குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் இரயுமன்துறை வரையிலான எட்டு ஊர்க்காரர்கள், தூத்தூர்க்காரர்கள் என்று சேர்த்து அழைக்கப்படுபவர்கள், கொச்சியைத் தளமாகக் கொண்டு தூண்டிலும் வழிவலையுமாக லட்சத்தீவுக்கு அப்பாலும் குஜராத் கடலிலும் பல்லாண்டுகளாகச் சுறாவும் சூரையும் பிடித்துவருகிறார்கள். கடலடிப் பார்கள், நீவாடு என்ற நீரோட்டத்தின் திசை, எந்த மாதம் எந்த ஆழம் என்பதெல்லாம் அவர்கள் ஜிபிஎஸ் கருவிகளிலும் நினைவிலும் இருக்கின்றன. 2017 ஒக்கிப் புயலில் அவர்கள் பலியானபோதுதான் அவர்கள் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதே நாட்டுக்குத் தெரிந்தது. அரசு ஆய்வு எண்களோடு இந்தப் படகுகளின் புள்ளிகளையும் சேர்த்துப் படித்தால், எந்த மாதத்தில் எந்த ஆழத்துக்குப் போனால் செலவு தேறும் என்ற கேள்விக்கு முதல்முறையாக விடை கிடைக்கும். ஓட்டுநர்கள் தங்கள் புள்ளிகளைச் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள், கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. மாற்றாக அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று பேசத் தொடங்கலாம்.

ஹைதராபாத்தின் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் தரும் மேல்நீர் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து மீன் கூடும் இடங்களை முன்னறிவிக்கிறது. கரையோர மத்திக்கும் கானாங்கெளுத்திக்கும் இது பயன் தருகிறது. சூரைக்குத் தனி அறிவிப்பும் உண்டு. ஆனால் செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் தோலை; பெருங்கண் நிற்கும் 300 மீட்டரை அல்ல. பச்சையம் தெரியும் இடத்துக்கும் சூரை வந்து சேரும் இடத்துக்கும் நடுவே செட்டே காலத்து அந்த நாள்களின் இடைவெளி இப்போதும் இருக்கிறது.

கடலுக்குள்ளேயே பார்க்கும் கண்கள் இன்று வேறு கைகளில் இருக்கின்றன. மிதக்கும் பொருளின் நிழலில் சூரை கூடும் என்பது பழைய அறிவு. சுருக்குமடிக் கப்பல்கள் மூங்கில் தெப்பங்களை ஆயிரக்கணக்கில் மிதக்கவிட்டு, ஒவ்வொன்றிலும் எதிரொலிமானி பொருத்திய மிதவையைக் கட்டுகின்றன. கீழே எவ்வளவு மீன் என்று அது செயற்கைக்கோள் வழியே கப்பலுக்குச் செய்தி அனுப்பும். வரிச்சூரைக்குக் காற்றுப்பை இல்லாததால் அதன் எதிரொலி மங்கல், இளம் மஞ்சள் துடுப்பும் பெருங்கண்ணும் பளிச்சென்று ஒலிக்கும். எது எது என்று பிரிப்பது இன்னும் சிக்கல்தான். ஆனாலும் இரவு பகலாக, எல்லாப் பருவத்திலும், பெருங்கடல் முழுவதும் இயங்கும் இதுபோன்ற ஆய்வு முன்னெப்போதும் இருந்ததில்லை. அது கம்பெனிகளின் சொத்து. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள ‘அஸ்டி’ ஆய்வு நிறுவனம் இத்தரவிலிருந்து மீன்வளக் குறியீடு ஒன்றை உருவாக்கியிருக்கிறது. 1996-இல் பிறந்த இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம், ஒரு கப்பலுக்கு இத்தனை மிதவைகள்தான் என்று வரம்பு கட்டிக் குறைத்து வருகிறது.

அந்த ஆணையத்தின் கணக்கே 2015-இல் மஞ்சள் துடுப்பு அளவுமீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்றது. அடுத்த ஆண்டு மீட்புத் திட்டம் வந்தது, யார் எவ்வளவு குறைப்பது என்று நாடுகள் ஆண்டுதோறும் மோதின. 2024-இல் புதிய மதிப்பீடு, இருப்பு அபாய எல்லையில் இல்லை என்று சொன்னது. நடுவே மீன் பெருகியதும் கொஞ்சம் இருக்கலாம்; பெரிய மாற்றம் ஆயிரங்கால் தூண்டில் விகிதங்களை மறுபடி சீரமைத்துக் கணக்கிட்டதில் வந்தது. இனி மஞ்சள் துடுப்பை எவ்வளவு பிடிக்கலாம், அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஆணையத்தின் மேசையில் நடக்கும் பேரம் இந்தப் புதிய வாசிப்பை வைத்துத்தான் நடக்கிறது.